அம்மா வீட்டுப் பக்கத்தில் வீடு வேண்டும், இந்தியர் விகிதம் நிரம்பிவிட்டதாம். அரசாங்கம் இவ்வளவு தூரம் உள்ளே வரலாமா?

ஈசூன்_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இது பாதி வீடு வாங்குகிற கேள்வி, பாதி அரசியல் கேள்வி. எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை, இங்கேயே போட்டுவிட்டேன்.

நாங்கள் சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மா ஈசூனில் இருக்கிறார், மூட்டுவலி. பையன் அடுத்த வருஷம் தொடக்கப்பள்ளி போகிறான், பள்ளி விட்டு வந்தால் அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் அதே புளோக், இல்லாவிட்டால் இரண்டு மூன்று புளோக் தள்ளி என்றுதான் பார்க்கிறோம். நாலறை வீடு ஒன்று பிடித்திருந்தது, மின்தூக்கி வாசலிலேயே நிற்கும், விலையும் கட்டுப்படியாகிற விலை. விற்பவர் சீனர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அங்கே இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான விகிதம் நிரம்பிவிட்டது என்று வருகிறது. இந்தியர் யாராவது விற்றால்தான் நாங்கள் வாங்கலாம். சரி, விதி என்று இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கோபப்பட்டு நான் இங்கே வரவில்லை.

சண்டை வீட்டுக்குள்தான். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனம் அதிகபட்சம் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைக்கிற இந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்கு என் கணவர் ரொம்ப ஆதரவு, இது மட்டும் இல்லாவிட்டால் நாம் எல்லாரும் ஒரே மூலையில் போய் உட்கார்ந்திருப்போம் என்கிறார். தம்பி நேர் எதிர்: நான் யார் வீட்டுக்குப் பக்கத்தில் தூங்க வேண்டும் என்று சொல்ல அரசாங்கம் யார் என்கிறான். இதில் வேடிக்கை, தம்பி மனைவி சீனர். கலப்புத் திருமணம் என்றால் வாங்கும்போது கணவன் மனைவி இரண்டு பேரில் யாருடைய இனத்தில் பதிவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா, அவன் சீனக் குடும்பம் என்று பதிந்துதான் இதே ஈசூனில் வாங்கினான், ஏனென்றால் அங்கேயும் இந்தியர் விகிதம் நிரம்பியிருந்தது. "எம்புள்ள காகிதத்துல சீனனாயிட்டான்" என்று அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி, பெற்றோருடன் ஒரே வீட்டில் இருந்தால் 30,000 வெள்ளி என்று மானியம் கொடுத்து "அம்மா அப்பா பக்கத்தில் இரு" என்பதும் அரசாங்கம். இந்த புளோக் உனக்கு இல்லை என்பதும் அதே அரசாங்கம். குடும்பம், இனம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் மேலிருந்து இப்படி அடுக்கி வைப்பதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? 2025-லும் இது தேவைதானா? நடைமுறையில் உதவுகிற தகவல் இருந்தாலும் சொல்லுங்கள்.

முன்னாள்_முகவர்:

முதலில் நடைமுறை, அரசியலை அப்புறம் வைத்துக்கொள்வோம். வீடு விற்றுக் கொடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவன், இப்போது இல்லை, அதனால் உங்களிடம் எதையும் விற்க வரவில்லை.

இப்போதைய அளவு இதுதான். இந்தியரும் பிறரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்கம் முழுவதற்கும் 12. மலாய்க்காரர் 25, 22. சீனர் 87, 84. நம் எண்ணிக்கை முதலில் 13, 10 என்று இருந்தது, 2010-ல்தான் கூட்டினார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டும், அந்த மிச்சம்தான் ஆட்கள் வந்து போவதற்கான இடைவெளி. ஒரே இனத்தவருக்குள் கைமாறினால் விகிதம் மாறாது, அதனால் எப்போதும் அனுமதி உண்டு. வேறு இனத்தவரிடமிருந்து வாங்கும்போதுதான் வாங்குகிறவர் இனத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மாதம் 1ஆம் தேதி அந்தக் கணக்கைப் புதுப்பிப்பார்கள். இன்று நிரம்பியது அடுத்த மாதம் திறக்கலாம், இன்று திறந்திருப்பது அடைபடவும் செய்யலாம். அதனால் ஓடிபியில் (விற்பவர் கொடுக்கிற வாங்கும் உரிமைப் பத்திரம்) கையெழுத்துப் போடும் முன்பும் பாருங்கள், விண்ணப்பம் அனுப்பும் முன்பும் பாருங்கள். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு 1ஆம் தேதி தாண்டி விண்ணப்பிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று, இதை முகவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த புளோக்கில் இந்தியர் ஒருவர் வீட்டை விற்பனைக்கு விட்டால் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்பார். உங்களைப் போன்ற இந்தியர்களுக்கு அங்கே வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரியும். மலைக்காதீர்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது அதே அனுகூலம் உங்களுக்கும் கிடைக்கலாம்.

உண்மையான வலி வேறு இடத்தில் இருக்கிறது. சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் இந்தியரோ மலாய்க்காரரோ வீடு வைத்திருந்தால் சீனருக்கு விற்க முடியாது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் சீனர். வீட்டைப் பார்க்க வரக்கூடிய கூட்டத்தில் முக்கால்வாசியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு மீதியிடம் பேரம் பேசுங்கள் என்றால் விலை எங்கே நிற்கும்? அதே மாடியில், அதே அளவு, அதே வெயில் படுகிற பக்கத்து வீட்டுச் சீனர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், மற்றவர்களுக்கு அங்கே இடம் இருக்கும் வரை. மாதக்கணக்கில் வாங்க ஆள் வராமல், கடைசியில் விலையை இறக்கி விற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். ஓய்வுக்காலத்துக்கு அந்த வீட்டை நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

2022 மார்ச்சில் ஒரு மாற்றம் வந்தது. 10 வருஷமாவது சொந்தமாக வைத்திருந்து, விகித வரம்புக்குள் 6 மாதமாவது விற்க முயன்றும் முடியாதவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளலாம் என்று. ஒவ்வொரு விண்ணப்பமாகத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன்பும் முறையீடு செய்து விதிவிலக்கோ கூடுதல் அவகாசமோ கேட்கலாம்.

மானியத்துக்கு உங்கள் அம்மா புளோக்கே தேவையில்லை, 4 கிலோமீட்டர் என்பது பெரிய வட்டம். காத்திப், கேன்பரா, செம்பவாங்கில் ஒரு பகுதி எல்லாம் அநேகமாக அதற்குள் வரும். முகவரியைப் போட்டு அளந்து பாருங்கள்.

சோங்பாங்_பழசு:

பொண்ணு, ஈசூனில் ஏன் இந்தியர் விகிதம் இப்படி நிரம்பி வழிகிறது என்று யோசித்திருக்கிறாயா? நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் அப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரன் கட்டிய தளம், 1938-ல் திறந்தது. தமிழர், மலையாளிகள் என்று கப்பல் பட்டறையில் எத்தனையோ ஆட்கள், அவர்களுக்கு அங்கேயே குடியிருப்பு, சுற்றிலும் கம்பங்கள் என்கிற குடிசைக் கிராமங்கள், பக்கத்தில் சோங் பாங் கிராமம். கோயில், கடை, காற்பந்து, அடிதடி எல்லாம் அங்கேயேதான். பட்டறை 1968-ல் செம்பவாங் கப்பல் கட்டுந்தளம் ஆனது, வெள்ளைக்காரன் 1971-ல் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டான். பிறகு கம்பங்களை எடுத்து ஈசூனில் அடுக்குமாடி கட்டினார்கள். அங்கிருந்தவர்கள் வேறு எங்கே போவார்கள்? பத்து நிமிஷம் தள்ளி இருக்கிற ஈசூனுக்குத்தான். இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிற பாலசுப்பிரமணியர் கோயிலில் கூடுகிற கூட்டத்தைப் பார், அந்தக் கோயிலே கேன்பரா ரோட்டில் மரத்தடியில் இருந்து வந்ததுதான்.

வீவக 1960-ல் தொடங்கியது. முதலில் அவசரம் கூரைதான், கலப்பு இல்லை. 1961-ல் புக்கிட் ஹோ சுவீ தீ, ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில், அவர்களுக்கு உடனே வீடு வேண்டும். 1964-ல் இனக்கலவரம். நான் அப்போது சின்னப் பையன், பெரியவர்கள் ராத்திரி தூங்காமல் கம்பத்து முனையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் ஓர் இனம் என்று இருந்ததால்தான் புரளி பரவுவது அவ்வளவு சுலபமாக இருந்தது, எதிர்ப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த முகம் இருக்காது. இதைப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு உன் தம்பி கேட்கிற கேள்வி நியாயமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

எழுபதுகளில் வீடு கொடுக்கும்போதே எல்லா இனமும் கலந்து வருகிற மாதிரி கொடுத்தார்கள். ஆனால் மறுவிற்பனை பெருகியதும் ஜனங்கள் தாங்களே பழையபடி கூடிவிட்டார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் நாம். யாரையும் யாரும் விரட்டவில்லை, அத்தை வீட்டுப் பக்கம், கோயில் பக்கம், சந்தைப் பக்கம் என்று பார்த்துப் போனதுதான். அதைப் பார்த்துத்தான் 1989 மார்ச்சில் விகிதம் கொண்டுவந்தார்கள். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் யார்? தனபாலன். நம் ஆள் கொண்டுவந்த சட்டம் நமக்கே இடிக்கிறது என்று அந்தக் காலத்தில் கோப்பிக்கடையில் பேசாதவர்கள் இல்லை.

என் முடிவு: இருக்கட்டும். எனக்கு மாரடைப்பு வந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது எதிர்வீட்டு ஹொக்கியன் ஆன்ட்டி. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருக்கிற மொழி பசார் மலாய் (சந்தை மலாய்) ஒன்றுதான், அதுவும் அரைகுறை.

கடுங்காப்பி:

பெரியவர் ஐயாவுக்கு வணக்கம், நீங்கள் சொன்ன ஆன்ட்டி மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் தலைமுறை. என் மாடியில் நாலு இனமும் இருக்கிறது, விகிதம் கச்சிதம், அமைச்சர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகலாம். ஒருவருக்கும் இன்னொருவர் பேர் தெரியாது. எல்லாருக்கும் இரும்புக் கதவு, எல்லாருக்கும் குளிர்சாதனம், மின்தூக்கியில் எல்லாரும் போனைத்தான் பார்க்கிறோம். வீட்டை அடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஆட்களைப் பேச வைக்கத் தெரியவில்லை, தெரியவும் முடியாது.

அப்புறம் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். "இந்தியர் வேண்டாம்", "கனமான சமையல் கூடாது" என்று விளம்பரத்தில் பச்சையாகவே பார்த்திருக்கிறேன், அதைப் போடுகிறவர்களும் நம்மோடு ஒரே புளோக்கில் வளர்ந்தவர்கள்தானே. 1989-லிருந்து பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் மசாலா வாடை இன்னும் பிரச்சினை என்றால் இந்தக் கலப்பு எதைச் சாதித்தது?

தமிழாசிரியை_மேற்கு:

கடுங்காப்பி, நீங்கள் இருந்ததைச் சொன்னீர்கள், இல்லாமல் போனதையும் பாருங்கள். ஓர் இனம் மட்டும் இருக்கிற பேட்டை, அதற்கு ஒரு மட்டமான பள்ளி, போலீஸ் போகப் பயப்படுகிற தெரு என்று இந்த ஊரில் எதுவும் உருவாகவில்லை. அந்த வெற்றி யார் கண்ணிலும் படாது, அதனால் யாரும் அதற்குப் பாராட்டவும் மாட்டார்கள்.

ஆனால் நான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன். பரவலாகக் குடியமர்த்தியதில் நம் மொழி கொடுத்த விலை பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்பது விழுக்காடு இருக்கிற ஒரு சமூகத்தை, அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் தமிழர், தீவு முழுவதும் சமமாகத் தூவினால் ஒவ்வொரு பேட்டைக்கும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வரும்? சில பள்ளிகளில் ஒரு நிலைக்கு ஒரு கைப்பிடிகூட வராது. அதனால் அந்தப் பிள்ளைகளைப் பள்ளி முடிந்து தனி நிலையத்துக்கு அனுப்பித் தமிழ் கற்பிக்க வேண்டியிருக்கிறது. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்படிப்பட்ட ஒன்று. அந்தப் பெயரில் இருந்த உயர்நிலைப் பள்ளிதான் நம் கடைசித் தமிழ்வழிப் பள்ளி, 1982-ல் மூடப்பட்டது. தூவியதும் அரசாங்கம், மறுபடி பொறுக்கி ஒரு வகுப்பில் உட்கார வைப்பதும் அரசாங்கம். இது குறை இல்லை, இதற்குச் செலவு செய்கிற அரசாங்கம் உலகத்தில் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். ஆனால் வகுப்பு முடிந்து பிள்ளை கீழ்த்தளத்தில் விளையாடப் போனால் அங்கே தமிழில் கூப்பிட ஆள் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிற இந்தியர் 2010-ல் 36.7 விழுக்காடு, 2020-ல் முப்பதுக்கும் கீழே. இதற்கு வீவகவைக் காரணம் சொல்ல மாட்டேன். ஆங்கிலவழிக் கல்வி, வேலை, தமிழர் அல்லாத புதுக் குடியேறிகள் எல்லாம் உண்டு. ஆங்கிலம் எல்லா இனத்திலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் பேசுகிற தமிழையும் மேற்கே என் வகுப்புப் பிள்ளைகள் பேசுகிற தமிழையும் கேட்டால் வித்தியாசம் காதில் விழும். பேச ஆள் இருக்கிற இடத்தில் மொழி தானாக ஓடுகிறது. இல்லாத இடத்தில் தமிழ்மொழி மாதம் வைத்து ஏப்ரலில் நாம் ஊற்றுகிறோம்.

ஈசூன் பொண்ணுக்கு: அம்மாவுக்குப் பக்கத்தில் எப்படியாவது வாங்குங்கள். பையன் தமிழ் அங்கேதான் பிழைக்கும்.

காவிரிக்கரை:

நான் தஞ்சாவூர்ப் பக்கம், இங்கே நிரந்தரவாசி. எங்களுக்கு இந்த விகிதத்தோடு இன்னொன்றும் சேர்த்து. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு என்று தனி வரம்பு, 2010-லிருந்து. போதாததற்கு நிரந்தரவாசம் கிடைத்து 3 வருஷம் ஆன பிறகுதான் மறுவிற்பனை வீடே வாங்கலாம். நாங்கள் வீடு தேடிய கதையைச் சொன்னால் ஈசூன் அக்கா தன் கதையை மறந்துவிடுவார்.

இருந்தும் நான் இந்தக் கொள்கைக்குக் கைதட்டுகிற கட்சி. காரணம் எங்கள் ஊர். அங்கே யாரும் விகிதம் போடவில்லை, அரசாங்கம் யாரையும் எந்தத் தெருவிலும் குடிவைக்கவில்லை, எல்லாம் "தானாக" அமைந்தது. தானாக அமைந்த லட்சணம் என்ன என்றால் இந்தத் தெரு இன்னார், அந்தத் தெரு இன்னார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேரி. டவுனில் வாடகைக்குப் போனால் வீட்டுக்காரர் சுற்றி வளைத்து "சைவமா" என்று ஆரம்பிப்பார், கடைசியில் எதைக் கேட்கிறார் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கம் விலகி நின்றால் அங்கே சுதந்திரம் வந்து உட்காராது, ஏற்கெனவே பலம் உள்ளவன் உட்காருவான். தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான்.

தமிழ்நாட்டிலும் ஒரு முறை அரசாங்கம் முயன்றது. பெரியார் நினைவு சமத்துவபுரம். கருணாநிதி முதல்வராக இருந்தபோது முதலாவதை 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தார்கள். ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடு, அதில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பொதுச் சுடுகாடு, பொதுச் சமுதாயக் கூடம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஊருக்கு வெளியே புதிதாக நூறு வீடு கட்டினார்களே தவிர ஊருக்குள் இருக்கிற தெரு அப்படியே இருந்தது. ஆட்சி மாறினால் கவனிப்பும் மாறியது. இங்கே சுமார் எண்பது விழுக்காடு மக்கள் வீவக வீட்டில், நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 99 வருஷக் குத்தகை, அதே கட்சி ஆட்சி. அந்தப் பிடி இல்லாமல் இந்த விகிதம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. அந்தப் பிடியைப் பற்றி எனக்கும் பயம் உண்டு, அது வேறு திரியில் பேச வேண்டிய விஷயம்.

ஈசூன்_பொண்ணு:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. இதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன், "கிழடுகள் எல்லாம் ஒரே பாட்டு" என்று பதில் வந்தது, சோங்பாங் ஐயா மன்னிக்கவும்.

எல்லாவற்றையும் படித்த பிறகு கொள்கை வேண்டுமா வேண்டாமா என்கிற சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. முன்னாள் முகவர் சொன்ன அந்த விற்பனைக் கணக்குதான் மனதில் நிற்கிறது. எல்லா இனமும் கலந்து இருப்பதால் வரும் நிம்மதி ஊருக்கே பொது. அதற்கான காசு மட்டும் ஏன் சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கிற ஒரு மலாய்க் குடும்பத்தின் பையிலிருந்தோ ஓர் இந்தியக் குடும்பத்தின் பையிலிருந்தோ போக வேண்டும்? ராணுவத்துக்கும் ரோட்டுக்கும் எல்லாரும்தானே வரி கட்டுகிறோம், இந்த நஷ்டத்துக்கும் அப்படியே பொதுப் பணத்தில் ஈடு கொடுக்கலாமே.

எண்ணிப்பார்:

நானும் கிட்டத்தட்ட உங்கள் பக்கம்தான், ஆனால் ஒரு முட்டுக்கட்டை. வரம்பு இருப்பது தெரிந்து, அதனால் மலிவாகக் கிடைத்த வீட்டை வாங்கியவர் விற்கும்போது நஷ்டம் என்று சொல்ல முடியாது. அவர் வாங்கும்போதே அந்தக் கழிவை அனுபவித்துவிட்டார். அவருக்கு ஈடு கொடுத்தால் வரி கட்டுகிறவர் பணத்தில் இரட்டை லாபம். இரண்டாவது, எந்த வீடு எவ்வளவு குறைந்தது என்று யார் கணக்குப் பார்ப்பது? ஒருவர் மாடி உயரம் என்பார், ஒருவர் குத்தகை மிச்சம் என்பார். ஈடு உண்டு என்று அறிவித்த மறுநாளே எல்லார் வீடும் இனத்தால்தான் விலை குறைந்தது என்று மாறிவிடும்.

முன்னாள்_முகவர்:

எண்ணிப்பார் சொல்வதில் பாதி சரி. மலிவாக வாங்கியவரும் இருக்கிறார். ஆனால் 1989-க்கு முன் வாங்கியவர்? புதிதாகக் கட்டிய வீட்டை வீவகவிடமிருந்தே நேராக வாங்கியவர்? அவர்களுக்கு எந்தக் கழிவும் கிடைக்கவில்லை, மற்ற எல்லாரும் கொடுத்த விலையைத்தான் கொடுத்தார்கள், இத்தனை வருஷம் கழித்துக் கதவு அடைபட்டிருக்கிறது. வீவக வாங்கிக்கொள்கிற அந்த 2022 ஏற்பாடே இதை அரசாங்கம் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கதவு திறந்தாயிற்று, இன்னும் அகலமாகத் திறக்கலாம். 10 வருஷம் என்பதைக் குறைக்கலாம், 6 மாதத்தைக் குறைக்கலாம், அவசரமாக விற்க வேண்டிய விவாகரத்து, மருத்துவச் செலவு மாதிரி ஆட்களுக்குத் தனி வரிசை வைக்கலாம். அளவு கோலே தேவையில்லை, பக்கத்து வீட்டுச் சீனர் போன வருஷம் என்ன விலைக்கு விற்றார் என்பது பொதுத் தகவல், வீவக தளத்தில் யாரும் பார்க்கலாம்.

ஈசூன்_பொண்ணு:

கடைசியாக ஒன்று. அம்மா இப்போது புதுத் திட்டம் போடுகிறார். விற்பதற்கு முன் குடியிருக்க வேண்டிய ஐந்து வருஷத்தைத் தம்பி முடித்துவிட்டான், பெரிய வீடு பார்க்கிறான். அவன் வீட்டையே நாங்கள் வாங்கிக்கொண்டால் என்ன? அம்மா வீட்டிலிருந்து மூன்று புளோக். அவன் என் கூடப் பிறந்தவன்தானே, அவன் இந்தியன், நான் இந்தியன், முடிந்ததல்லவா?

முன்னாள்_முகவர்:

முடியவில்லை. வாங்கும்போது எந்த இனத்தில் பதிந்தாரோ விற்கும்போதும் அதே இனம்தான். கணக்கில் விற்பவர் சீனர், வாங்குபவர் இந்தியர். அந்த புளோக்கில் இந்தியர் விகிதம் இன்னும் நிரம்பியிருந்தால் அக்கா தம்பியாக இருந்தாலும் வாங்க முடியாது. 1ஆம் தேதி காலையில் அந்த புளோக் எண்ணைப் போட்டுப் பாருங்கள், இடம் திறந்திருந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் முறையீடு எழுதுங்கள், அம்மாவின் மருத்துவக் கடிதம், பையனை யார் பார்த்துக்கொள்வது என்கிற விவரம் எல்லாம் இணையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போய் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்பதில் நஷ்டம் இல்லை.

கடுங்காப்பி:

தம்பியிடமிருந்து அக்கா வீடு வாங்க இனம் இடிக்கிறது. இதை அம்மாவிடம் யார் சொல்லப் போகிறீர்கள்?

ஈசூன்_பொண்ணு:

அவனே சொல்லட்டும், தீபாவளிக்கு வருவான் இல்லையா.